கடைமடைப் பள்ளி: அடுக்கு ஆதரவு என்றால் என்ன?

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். அங்கே தொடக்கப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். என்னையும் அழைத்திருந்தார்கள். தீர்மானங்களை வாசித்து முடித்துச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒரு தாய் எழுந்தார். “டீச்சர், வட்டார வளமையத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு மட்டும் வாராவாரம் வருகிறார்கள். பக்கத்து ஊருக்கு மாதத்தில் ஒரு தடவைதான் போகிறார்களாம். எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்று எழுதி வைத்துவிட்டார்களா?” என்று கேட்டார்.

அந்தக் குரலில் கோபத்தைவிட வெட்கமே அதிகமாக இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது. ஒன்றியத்துப் பள்ளிகளின் கற்பித்தலுக்கு உதவும் வட்டார வளமையத்தின் ஆசிரியர் பயிற்றுநராகப் பல ஆண்டுகள் இந்தச் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் ஏறி இறங்கியவள் நான். நாங்கள் உதவி என்று நினைத்துச் செய்தது வாசலுக்கு வெளியே நிற்கும் தாய்க்கு அவமானமாகத் தெரிகிறது என்றால், செய்த முறையில் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம். அன்று வேப்பமரத்தடியில் நின்றபடி கால் மணி நேரம் பேசினேன். அதையே இப்போது கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோர்களையும், இப்போதுதான் பணியில் சேர்ந்த ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

நம் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாயில் தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மடையை ஒட்டிய வயலுக்குத் தண்ணீர் தானாகப் போய்ச் சேரும். நடுவில் இருக்கும் வயலுக்கு, வாய்க்கால் உடைப்பெடுத்த இடத்தை அடைத்துக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்துவிட வேண்டும். கடைமடை வயலுக்கோ, தண்ணீர் பாய்ச்சுகிறவர் மண்வெட்டியுடன் இரவெல்லாம் வரப்பில் நின்றால்தான் பயிர் பிழைக்கும். எல்லா வயலுக்கும் ஒரே அளவு நேரம் என்று கடிகாரம் வைத்துத் திறந்தால் கணக்குச் சரியாக இருக்கும், கடைமடை காய்ந்துபோகும். கடைமடையில் அவர் அதிக நேரம் நிற்பதால் அந்த வயல்காரர் சோம்பேறி என்று ஊரில் யாரும் சொல்வதில்லை.

ஒரு கல்வி மாவட்டம் தன் பள்ளிகளுக்கு அடுக்கடுக்காக உதவுவதும் இப்படித்தான். முதல் அடுக்கு, எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானது. இரண்டாம் அடுக்கு, ஏதோ ஒரு விஷயத்தில் தடுமாறும் பள்ளிகளுக்கு அந்த ஒன்றில் மட்டும், குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் கூடுதல் உதவி. மூன்றாம் அடுக்கு, பல சிக்கல்கள் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்ட சில பள்ளிகளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் அடுக்குக்குப் போகும் பள்ளி முதல் இரண்டையும் இழப்பதில்லை. அடுக்குச் சட்டியைப் போல, கீழே இருப்பதன் மேல்தான் அடுத்தது உட்காரும். ‘சிறப்புக் கவனம்’ என்ற பெயரில் ஒரு பள்ளியின் ஆசிரியரை வழக்கமான பயிற்சிக் கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று சொன்னால் அது அடுக்கு ஆதரவு ஆகாது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

கல்விக்கு முன்பே பொதுச் சுகாதாரத் துறையில் இது பழகிய வழி. நோய் வருமுன் எல்லோருக்கும் தடுப்பு, நோய்க்கு வாய்ப்புள்ளவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்துக் கவனிப்பது, நோய் வந்தவருக்கு ஆழமான சிகிச்சை என்று மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். அங்கன்வாடிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன எந்தத் தாய்க்கும் இது தெரியும். போலியோ சொட்டு மருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. எடை குறைந்த குழந்தையை அடிக்கடி வரச் சொல்லி எடை பார்க்கிறார்கள். மிகவும் மெலிந்துவிட்ட குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அனுப்பியதற்காக எந்தத் தாயும் தலைகுனிவதில்லை.

அமெரிக்கப் பள்ளிகள் இதை எடுத்து, படிப்பில் தடுமாறும் குழந்தைகளுக்குப் பொருத்திப் பார்த்தன. அங்கே 2004இல் மாற்றுத் திறனாளிக் குழந்தைகளின் கல்விக்கான சட்டத்தைத் திருத்தியபோது, ஒரு குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறது என்று முடிவு கட்டுவதற்கு, முறையான கூடுதல் உதவிக்கு அந்தக் குழந்தை எப்படி ஈடு கொடுக்கிறது என்பதையும் பார்க்கலாம் என்று வழி திறந்தார்கள். அந்த வழி பிறகு பன்னடுக்கு ஆதரவு முறையாக வளர்ந்தது. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 80 பேருக்கு நல்ல வகுப்பறையே போதும், 15 பேருக்குச் சிறு குழுவாகக் கூடுதல் உதவி வேண்டும், 5 பேருக்குத் தனிக் கவனம் வேண்டும் என்பது அங்கே புழங்கும் கைக்கணக்கு. துல்லியமான அளவாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நூற்றுக்கு 50 பேர் தனிக் கவனத்துக்கு வந்து நின்றால் பழுது குழந்தைகளிடம் இல்லை, வகுப்பறையில் இருக்கிறது என்று எச்சரிக்கும் மணி அது.

குழந்தைகளுக்குச் செய்ததையே பள்ளிகளுக்கும் செய்யலாமே என்பது அடுத்த படி. அங்கே ‘பள்ளி மாவட்டம்’ என்று சொல்வது நம்முடைய மாவட்டம் போன்றது அன்று. 13,000க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் அங்கே இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த குழு உண்டு, வீட்டு வரியிலிருந்து வரும் சொந்த வருமானம் உண்டு, தன் பள்ளிகளை நடத்தும் கண்காணிப்பாளரை அந்தக் குழுவே நியமித்துக்கொள்ளும். நம் ஊரில் மாவட்டக் கல்வி நிர்வாகம் மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் கை. பணமும் பணியிடமும் பாடத்திட்டமும் சென்னையிலிருந்து வருகின்றன. அங்கே செய்வதை அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியாது என்பதற்கு இதுவே காரணம். ஆனால் அவர்கள் பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

2002இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தேர்வில் தொடர்ந்து பின்தங்கிய பள்ளிகள் மீது அங்கே படிப்படியாக நடவடிக்கை ஏறிக்கொண்டே போனது. கடைசிப் படியில் ஆசிரியர்களை மாற்றுவது, பள்ளியையே வேறு நிர்வாகத்திடம் ஒப்படைப்பது வரை அது போனது. அதுவும் அடுக்குதான், ஆனால் தண்டனையின் அடுக்கு. 2015 டிசம்பரில் அதற்குப் பதிலாக வந்த சட்டம், பேச்சை ‘ஆதரவு’ பக்கம் திருப்பியது. ஒவ்வொரு மாநிலமும் கூட்டரசின் உதவி பெறும் பள்ளிகளில் மிகவும் பின்தங்கிய 5 சதவீதத்தையும், மூன்றில் ஒரு பங்கு மாணவர்களாவது பள்ளிப் படிப்பை முடிக்காமல் போகும் உயர்நிலைப் பள்ளிகளையும் அடையாளம் கண்டு, முழுமையான ஆதரவு தர வேண்டும். ஏதோ ஒரு மாணவர் பிரிவு மட்டும் பின்தங்கும் பள்ளிகளுக்கு அந்தப் பிரிவைக் குறிவைத்த ஆதரவு தர வேண்டும்.

கலிபோர்னியா இன்னொரு நல்ல வேலை செய்தது. அங்கே ஆதரவு மூன்று நிலைகளில் இருக்கிறது. பள்ளி மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொது உதவி, சிலவற்றுக்கு வேறுபடுத்திய உதவி, மிகச் சிலவற்றில் தீவிரத் தலையீடு. இரண்டாம் நிலைக்கு யார் என்று முடிவு செய்யும்போது மொத்தச் சராசரியை மட்டும் பார்ப்பதில்லை, மாணவர் பிரிவுகளைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். மொத்தத்தில் பளபளக்கும் ஒரு மாவட்டம்கூட, ஏதோ ஒரு பிரிவுக் குழந்தைகள் பல அளவுகோல்களில் பின்தங்கியிருந்தால் உதவிப் பட்டியலுக்கு வந்துவிடும். சராசரி என்பது அழகான போர்வை. அதைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் நமக்கும் வேண்டும்.

நம் பக்கம் யார் யார்?

செட்டிநாட்டுக்குச் சமையல் ஒன்று, வீட்டுக் கட்டு ஒன்று, கல்வி அலுவலகம் மட்டும் இரண்டு. காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கங்கள் 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த சிவகங்கை மாவட்டத்தில் இருக்கின்றன. இராயவரம், கோனாப்பட்டு, பொன்னமராவதிப் பக்கங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில். இரண்டிலும் அமைப்பு ஒன்றேதான்.

மாவட்டத்தின் தலையில் முதன்மைக் கல்வி அலுவலர். அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர்கள். தொடக்கக் கல்வியை ஒருவரும் இடைநிலைக் கல்வியை ஒருவரும் பார்க்கிறார்கள். ஒன்றிய அளவில் வட்டாரக் கல்வி அலுவலர். இது நிர்வாக வரிசை. சம்பளம், விடுப்பு, மாறுதல், ஆய்வு, குறிப்பாணை எல்லாம் இந்த வழியில் நடக்கும்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை ஓடுகிறது. ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வளமையம். அங்கே மேற்பார்வையாளர், ஆசிரியர் பயிற்றுநர்கள், மாற்றுத் திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள், இயன்முறை மருத்துவர் இருப்பார்கள். அதற்கும் கீழே, பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையம். மாவட்ட அளவில் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், சிவகங்கைக்கு அது காளையார்கோவிலில் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையையொட்டி நாடு முழுவதும் தொடங்கப்பட்ட நிறுவனங்களில் ஒன்று அது. கற்பித்தலுக்கு உறுதுணை என்பதே இந்த வரிசையின் வேலை.

என் அனுபவத்தில் அடுக்கு ஆதரவு பிழைப்பதும் சாவதும் இந்த இரண்டு வரிசைகளும் எப்படிச் சேர்கின்றன என்பதில்தான் இருக்கிறது. கூடவே உட்கார்ந்து உதவுகிறவரின் கையிலேயே தண்டிக்கும் பேனாவையும் கொடுத்தால், ஆசிரியர் தன் வகுப்பின் குறையை மறைப்பார். மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத நான்கு பேரைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டு, நன்றாக வாசிக்கும் பிள்ளையை முன்னால் நிறுத்துவார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பயந்தவர் அப்படித்தான் செய்வார். மருத்துவரிடம் வலியைச் சொன்னால் அபராதம் என்றால் யார் வலியைச் சொல்வார்கள்?

முதல் அடுக்கு: எல்லோருக்கும்

பாடநூல், சீருடை, பஸ் பாஸ், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டே மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவு. இவையெல்லாம் முதல் அடுக்கு. ‘இந்தப் பள்ளிக்குத் தேவையா?’ என்று யாரும் ஆராய்வதில்லை, பள்ளி என்றால் உண்டு. குறுவள மையத்தில் நடக்கும் ஆசிரியர் கூட்டங்களும், எல்லோருக்கும் தரும் பயிற்சிக் கையேடுகளும் இதே வகை.

2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் அடுக்குக்கு நல்ல எடுத்துக்காட்டு. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் சின்ன வகுப்புக் குழந்தைகள் இழந்த எழுத்தையும் எண்ணையும் மீட்பது அதன் நோக்கம். எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது போனது. ஆனால் வகுப்பறைக்குள்ளே குழந்தைகளை அவர்கள் நிற்கும் இடத்தை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் தனிச் செயல்பாடு கொடுத்தார்கள். அந்தப் பெயர்களை வைத்தவரை நான் மனதாரப் பாராட்டுவேன். அரும்பைப் பார்த்து ‘நீ தோற்றுப்போன மலர்’ என்று யாராவது சொல்வார்களா? பள்ளிகளை அடுக்குப் பிரிக்கும்போதும் இந்தக் கண்ணோட்டம்தான் வேண்டும். ‘மூன்றாம் அடுக்குப் பள்ளி’ என்று சொல்வதே பிழை. மூன்றாம் அடுக்கு உதவி பெறும் பள்ளி என்று சொல்ல வேண்டும். அடுக்கு, உதவிக்கு உரிய பெயர். அதைப் பள்ளிக்குச் சூட்டக் கூடாது.

முதல் அடுக்கு ஒழுகினால் மேலே எத்தனை அடுக்கு வைத்தாலும் தாங்காது. ஒரு ஒன்றியத்தில் பாதிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கத் திணறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை பள்ளிக்கும் தனித்தனியாகப் பயிற்றுநரை அனுப்புவது வீண் அலைச்சல். எல்லோருக்கும் கொடுத்த பயிற்சி சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதே அதன் பொருள். அங்கே முதல் அடுக்கைத்தான் சரிசெய்ய வேண்டும்.

மூன்று பள்ளிகள்

இனி விளக்கத்துக்காக மூன்று பள்ளிகளைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதலாவது காரைக்குடி நகரத்துக்குள் இருக்கிறது. 300 பிள்ளைகள், ஆசிரியர் பணியிடம் எல்லாம் நிரம்பியிருக்கிறது, வாசிப்பில் சராசரி நன்றாக இருக்கிறது. மாவட்டப் பட்டியலில் இந்தப் பள்ளியைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் பிரித்துப் பார்த்தால், கட்டட வேலைக்கு வெளியிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் 20 பிள்ளைகள் ஏறக்குறைய எதையும் வாசிக்கவில்லை. மீதி 280 பேரின் மதிப்பெண் அவர்களை மூடி மறைத்துவிட்டது. இந்தப் பள்ளிக்கு அந்த 20 பேரைக் குறிவைத்து இரண்டாம் அடுக்கு உதவி வேண்டும்.

இரண்டாவது ஆத்தங்குடிப் பக்கம். தாய் தகப்பனில் பலர் தளக்கல் பட்டறைக்கு வேலைக்குப் போகிறார்கள். 70 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இருவர், 61 முதல் 90 வரை மூவர் என்று சொல்கிறது, அந்தக் கணக்குக்குச் சரி. வாசிப்பு நன்றாக இருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்கு மட்டும் யாருக்கும் வரவில்லை. இங்கே எட்டு வாரத்துக்கு, வாரம் ஒரு முறை, கணக்கில் கைதேர்ந்த பயிற்றுநர் ஒருவர் வந்து, வகுப்பாசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்திக் காட்டினால் போதும். பக்கத்துப் பள்ளியில் இதை நன்றாக நடத்தும் ஆசிரியர் இருந்தால் இவர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது. எட்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வந்துவிட்டதென்றால் கும்பிட்டு விடைபெற வேண்டியதுதான்.

மூன்றாவது, நான் முதலில் சொன்ன தாயின் ஊரைப் போன்ற ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். 22 பிள்ளைகள். இரண்டு ஆசிரியர் பணியிடத்தில் ஒன்று காலி. பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அறுவடைக் காலத்தில் பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிறார்கள். ஊரில் வசதி உள்ளவர்கள் காரைக்குடிக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள், பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வாசிப்பும் வரவில்லை, கணக்கும் வரவில்லை, வருகையும் குறைகிறது. இதைப் பார்த்தவுடன் ‘ஆசிரியருக்குப் பயிற்சி கொடு’ என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு.

அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு பள்ளிக்கு வாராவாரம் போனேன். மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு), எழுத்து விளையாட்டு, வண்ணப் படங்கள் எல்லாம் கொண்டுபோய், ஐந்து வகுப்புகளையும் தனியாளாக மேய்த்துக்கொண்டிருந்த ஆசிரியைக்குப் புதுப் புது முறைகளைச் சொல்லிக்கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நான்காவது வாரம், “டீச்சர், இந்த முறையெல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு மணி நேரம் மூன்று வகுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நான் இந்த இரண்டு பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்” என்றார். அன்றுதான் எனக்கு மூன்றாம் அடுக்கு என்றால் என்னவென்று புரிந்தது. அங்கே பயிற்சியைக் கூட்டுவதால் பயன் இல்லை. தடுத்துக்கொண்டிருப்பது எது என்று கண்டுபிடித்து அதை எடுத்துவிட வேண்டும்.

அப்படியானால் மூன்றாவது பள்ளிக்கு முதல் தேவை இன்னொரு ஆசிரியர். பக்கத்தில் உபரியாக இருக்கும் ஆசிரியரை மாற்றுப் பணியில் அனுப்ப ஆணை வேண்டும், அது பயிற்றுநரால் முடியாது, நிர்வாக வரிசையால்தான் முடியும். அறுவடைக் கால வருகைக்கு அங்கன்வாடியோடு பேச வேண்டும், சின்னக் குழந்தைக்கு அங்கே இடம் கிடைத்தால் அக்கா பள்ளிக்கு வந்துவிடுவாள். காது சரியாகக் கேட்காத குழந்தை வகுப்பில் இருக்கிறதா என்று சிறப்பாசிரியர் பார்க்க வேண்டும். இதெல்லாம் நடந்தபிறகு, அல்லது நடந்துகொண்டிருக்கும்போதே, பயிற்றுநர் வந்து உட்கார்ந்தால் பலன் உண்டு. மாவட்ட, வட்டார அலுவலர்களும் வளமையமும் தலைமை ஆசிரியரும் ஒரே மேசையில் ஒரே தாளைப் பார்ப்பதுதான் மூன்றாம் அடுக்கு. மேலிருந்து வரும் மூன்று தரப்பும் தனித்தனியாக வந்து தனித்தனியாகப் படிவம் கேட்டால், அது அந்த ஒற்றை ஆசிரியரின் கற்பிக்கும் நேரத்தைத் தின்னும் மூன்று வாய்கள்.

எண்ணை நம்பலாமா?

எந்தப் பள்ளிக்கு எந்த அடுக்கு என்று முடிவெடுக்கத் தகவல் வேண்டும். வருகை, சேர்க்கை, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் பள்ளிகளின் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் இணையதளத்தில் ஏறுகின்றன. கற்றல் நிலைத் தேர்வுகளின் முடிவுகளும் கிடைக்கின்றன. இவை இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ஓட முடியாது. ஆனால் நம் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை மிகக் குறைவு.

மூன்றாம் வகுப்பில் ஐந்தே பேர். அதில் இருவர் வாசிக்கவில்லை என்றால், ‘40 சதவீதம் பேர் வாசிக்கவில்லை’ என்று அறிக்கையில் சிவப்பாகத் தெரியும். அடுத்த ஆண்டு அந்த இருவரும் மேல்வகுப்புக்குப் போய்விட, வந்த ஐவரும் நன்றாக வாசித்தால், ‘100 சதவீத முன்னேற்றம்’ என்று பாராட்டுச் சான்றிதழ் வரும். பள்ளியில் எதுவுமே மாறியிருக்காது. 60 பேர் உள்ள வகுப்பில் இருவர் என்றால் மூன்று சதவீதம்தான். ஆகவே சின்னப் பள்ளிகளை ஓர் ஆண்டு எண்ணை வைத்து எடைபோடக் கூடாது. இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கும் மேலாக, நேரில் போய் ஒவ்வொரு குழந்தையின் பக்கத்திலும் உட்கார்ந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். 22 பிள்ளைகள் என்றால் ஒரு முற்பகல் போதும்.

பணத்திலும் இதே கோணல் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிமுறைப்படி பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை என்றால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், 1,000 பேருக்கு மேல் என்றால் 1,00,000 ரூபாய். தலைக்கணக்கு நியாயம்தான். ஆனால் கூரை ஒழுகினால் 22 பேருக்கும் ஒழுகும், 220 பேருக்கும் ஒழுகும். மோட்டார் பழுதானால் மெக்கானிக் பிள்ளைகளை எண்ணிக் கூலி கேட்க மாட்டார். தேவையைப் பார்த்துப் பணத்தையும் கொஞ்சம் அடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தச் சீமைக்கு அது புதிதும் அன்று. அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மகளிர் கல்லூரிக்கு இடம் இல்லை என்றபோது தாம் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். இல்லாத இடம் எது என்று பார்த்துக் கொடுத்ததால்தான் அந்தக் கொடை இன்றும் பேசப்படுகிறது.

எப்போது நிறுத்துவது?

உதவியைத் தொடங்குவதைவிட நிறுத்துவது கடினம். இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒன்று, ஒரு திட்டம் முடிந்தது, நிதியாண்டு முடிந்தது என்று மார்ச்சில் சட்டென்று கையை விடுவது. இன்னொன்று, பட்டியலில் ஏறிய பள்ளியை வருடக்கணக்கில் இறக்காமல் விடுவது. பழகிப்போன பள்ளியும் ‘வளமையத்து டீச்சர் வருவார், பார்த்துக்கொள்வார்’ என்று சாய்ந்துவிடும்.

அதனால் தொடங்கும் நாளிலேயே மூன்று விஷயங்களை எழுதிவிட வேண்டும். என்ன மாற வேண்டும், அதைச் செய்வது யார், மறுபடி உட்கார்ந்து பார்க்கும் தேதி எது. ‘கற்றல் திறனை மேம்படுத்துதல்’ என்று எழுதினால் அது எப்போதும் முடியாது. ‘தீபாவளி விடுமுறைக்குள் மூன்றாம் வகுப்பில் ஐவரும் எளிய பத்தி ஒன்றைத் தடுமாறாமல் வாசிப்பது’ என்று எழுதினால், விடுமுறைக்கு முதல் நாள் தெரிந்துவிடும். வந்துவிட்டதென்றால் வாரம் ஒரு முறை வந்தவர் இரு வாரத்துக்கு ஒரு முறை வரட்டும், பிறகு மாதம் ஒரு முறை. வரவில்லை என்றால் ஆசிரியரைக் கேள்வி கேட்பதற்கு முன்பு கொடுத்த உதவியைக் கேள்வி கேட்க வேண்டும். வாரம் ஒரு முறை என்று எழுதியவர் உண்மையில் எத்தனை முறை வந்தார்? பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

இங்கேதான் மேலாண்மைக் குழுவுக்கு வேலை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பையும் குழுவிடமே கொடுத்திருக்கிறது. சுண்டல் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதற்கு இவ்வளவு சட்டம் தேவையில்லை. ‘எங்கள் பள்ளிக்கு இப்போது என்ன கூடுதல் உதவி கிடைக்கிறது? எந்தக் குறைக்காக? எந்தத் தேதி வரை?’ என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் விடை இல்லையென்றால் வளமையத்திடம் கேட்டு வாங்கிச் சொல்லச் சொல்லலாம். இதை யாரும் சண்டையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நல்ல தலைமை ஆசிரியருக்கு இப்படிக் கேட்கும் குழு பெரிய பலம். தனியாக அவர் மேலே எழுதும் கடிதத்தைவிட, ஊர் கூடிப் போட்ட தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம்.

அன்று வேப்பமரத்தடியில் இவ்வளவும் சொல்லவில்லை. கண்மாய்க் கணக்கையும், அங்கன்வாடி எடைக் கணக்கையும் சொன்னேன். அந்தத் தாய் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “அப்படியென்றால் வாராவாரம் வருகிறவர் எதற்காக வருகிறார் என்று எங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்றார். சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

அவர் தீர்மானப் பதிவேட்டை மறுபடி திறக்கச் சொன்னார். தலைமை ஆசிரியை பேனாவை எடுத்தார். இரண்டு வரிகள் சேர்க்கப்பட்டன. காலியாக இருக்கும் ஆசிரியர் இடத்துக்கு மாற்றுப் பணியில் ஒருவரை அனுப்பக் கேட்பது என்று ஒன்று. வளமையத்திலிருந்து வருகிறவர் அடுத்த கூட்டத்தில் பெற்றோர் முன்னால் உட்கார்ந்து, எந்தப் பிள்ளைகளோடு எதற்காக வேலை செய்கிறார் என்பதை விளக்கக் கேட்பது என்று இன்னொன்று. அதற்குக் கீழே அந்தத் தாய்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்.